ஜெனரேற்றரில் மீற்றர் பூட்டிய பின்: இலக்கம் பிழையாகத் தெரிந்தால் எங்கே தேடுவது

2022 இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தில், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கடைகளுக்கும் வீடுகளுக்கும் சிறிய ஜெனரேற்றர்கள் நிறையவே வந்து சேர்ந்தன. அவற்றில் பல இன்று விறாந்தை மூலையில் சாக்கு மூடிக் கிடக்கின்றன. மாரியில் வெள்ளம் வந்து மின்கம்பம் சாய்ந்த பிறகுதான் சாக்கு விலகும். அப்போது இழுத்துப் பார்த்தால் சில ஓடும், சில ஓடாது. ஓடுவது சரியாக ஓடுகிறதா என்பது குளிர்சாதனப் பெட்டி கருகிய பிறகுதான் தெரியவரும்.

அதனால்தான் மலிவான டிஜிட்டல் மீற்றர் ஒன்றைப் பூட்டும்படி எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பலருக்கு நானே பூட்டியும் கொடுத்திருக்கிறேன். பூட்டிய ஒரு வாரத்துக்குள் அநேகமாக ஓர் அழைப்பு வரும்: “தம்பி, நீங்கள் பூட்டித் தந்த மீற்றர் பிழை காட்டுகிறது.” போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மீற்றர் சரியாகவே இருக்கும். அது காட்டிய இலக்கம்தான் பல மாதமாக அந்த இயந்திரத்துக்குள் இருந்த கோளாறு. மீதி இடங்களில் வயர் இணைப்பில் பிழை இருக்கும். மீற்றரே பழுதானது மிகக் குறைவு. ஆகவே தேடும் ஒழுங்கு இதுதான்: முதலில் வயர், அடுத்து இயந்திரம், கடைசியாக மீற்றர்.

நான் பேசுவது மூன்று சாமான்களைப் பற்றி. ஒன்று, வோல்ட், ஹேர்ட்ஸ், அம்பியர், வோட் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் சதுர மீற்றர். இரண்டாவது, ஸ்பாக் பிளக் வயரில் சுற்றி, சுழற்சி வேகத்தையும் ஓடிய மணித்தியாலத்தையும் காட்டும் சின்ன மீற்றர். மூன்றாவது, எதையும் கழற்றாமல் பிளக் பொயின்டில் நேரே செருகும் மீற்றர். வயர் வேலை பழக்கமில்லாதவர்களுக்கு மூன்றாவதே போதும்.

தொடங்குமுன்

மல்டிமீற்றர், ஸ்குரூட்ரைவர், உள்ளே கம்பி இழை எரியும் 100 வோட் பழைய குமிழ் பல்பு ஒன்று ஹோல்டரோடும் வயரோடும். இவை கையில் இருக்கட்டும். எல்ஈடி பல்பு இந்த வேலைக்கு உதவாது. வோல்ட் கூடினாலும் குறைந்தாலும் அது ஒரே மாதிரி எரியும். குமிழ் பல்பு தன் வெளிச்சத்திலேயே கதை சொல்லும்.

மனத்தில் வைக்க வேண்டிய இலக்கங்கள் சில. நமக்கு வேண்டியது 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் (ஒரு செக்கனுக்கு 50 மின் அலை). இந்தச் சிறிய இயந்திரங்கள் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் 50 ஹேர்ட்ஸ் வரும். சுற்று வேகத்தை 60 ஆல் வகுத்தால் ஹேர்ட்ஸ். சுமை, அதாவது மின்சாரம் எடுக்கும் சாமான், எதுவும் போடாதபோது 51 முதல் 52.5 வரை காட்டுவது பிழையல்ல. சுமை ஏற ஏற அது 50 ஐ நோக்கி இறங்க வேண்டும். நிறைசுமையில் 49 இல் நின்றாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

இயந்திரத்தை நிறுத்தி, ஸ்பாக் பிளக் தொப்பியைக் கழற்றி வைத்த பிறகே எந்த வயரிலும் கை வையுங்கள். மீற்றருக்குப் போகும் வயரை, சுமை கூடினால் தானாக விழும் சுவிட்சான பிரேக்கருக்குப் பின்னால் எடுத்து, 1 அம்பியர் பியூஸ் ஒன்றை இடையில் போடுங்கள்.

மீற்றரை ஜெனரேற்றரின் முகப்பில் துளை வெட்டிப் பூட்டுவது எனக்கு விருப்பமில்லை. அதிர்வும் சூடும் கடற்காற்றும் சேர்ந்து அதைக் கொன்றுவிடும். ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் மீற்றரையும் ஒரு பிளக் பொயின்டையும் பூட்டி, 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் 13 அம்பியர் பிளக் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வயர் நீளமாக இருந்தால் இயந்திரம் வெளியே வளவில் ஓடும்போதே யன்னலோரம் இலக்கத்தைப் பார்க்கலாம். இது வசதிக்காக மட்டும் சொல்வதல்ல. மழை நேரத்தில் “மீற்றரைப் பார்க்க வசதி” என்று ஜெனரேற்றரைக் குசினிப் பக்கம் இழுத்து வைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை. உறங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை அப்படியே போய்விடும். வாடைக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, புகை யன்னலை விட்டு விலகிப் போகும்படி தள்ளி வையுங்கள். இன்னும் கொஞ்சப் பணம் இருந்தால் காபன் மொனொக்சைட்டு அலாரம் ஒன்றை வாங்கி உறங்கும் அறையில் வையுங்கள். மற்ற எந்த மீற்றரையும் விட அதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

அறிகுறி 1: என்ஜின் ஓடுகிறது, திரை இருட்டாக இருக்கிறது

ஜெனரேற்றரின் பிரேக்கர் மேலே இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்த இயந்திரத்தில் இதை மட்டும் தட்டிவிட்டு அனுப்பியிருக்கிறேன். அடுத்து, 12 வோல்ட் பற்றரி சார்ஜ் செய்யும் துளையில் மீற்றர் வயரைக் கொடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். இந்த மீற்றர்களில் பெரும்பாலானவை ஏறத்தாழ 80 வோல்ட்டுக்குக் கீழே உயிர்பெறாது.

இரண்டும் சரியென்றால் குமிழ் பல்பைச் செருகுங்கள்.

பல்பு நன்றாக எரிந்தால்: பழுது மீற்றர் பக்கம். இயந்திரத்தை நிறுத்தி, முனையில் வயர் இறுக்கப்பட்ட இடத்தைப் பாருங்கள். செம்பை இறுக்காமல் பிளாஸ்டிக் உறையின் மேல் திருகை இறுக்கியிருப்பதே அடிக்கடி காணும் பிழை. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல இணைப்புப் போலவே தெரியும். வயரை மெல்ல இழுத்தால் கையோடு வந்துவிடும். பிறகு பியூஸைப் பாருங்கள். அதுவும் சரியென்றால் பெட்டியை அப்படியே வீட்டு மின்சாரத்தில் செருகுங்கள். அங்கும் இருட்டென்றால் மீற்றர் போய்விட்டது. பழுது பார்க்கும் விலையில் புதிதே வாங்கலாம்.

பல்பும் எரியாவிட்டால்: மல்டிமீற்றரை ஏசி அளவில் வைத்து ஜெனரேற்றரின் பிளக் பொயின்டிலேயே அளந்து பாருங்கள்.

இரண்டு முதல் ஐந்து வோல்ட் வரை ஏதோ ஒன்று காட்டினால் மின்சாரம் உண்டாக்கும் செம்புச் சுருள் உயிரோடிருக்கிறது, அதைத் தூண்டிவிடும் பகுதி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஏ.வீ.ஆர். (வோல்ட்டைச் சீராக வைத்திருக்கும் சின்ன மின்னணுப் பகுதி) உள்ள இயந்திரமென்றால் காபன் பிரஷ்ஷைப் பாருங்கள். பின்மூடியைக் கழற்றினால் இரண்டு திருகில் நிற்கும் சின்னச் சாமான். கரித்துண்டு 5 மில்லிமீற்றர் அளவுக்குத் தேய்ந்திருந்தாலோ, கூட்டுக்குள் சிக்கி வெளியே வராமல் நின்றாலோ மாற்றுங்கள். அது தொடும் செம்பு வளையத்தில் பச்சை பூத்திருந்தால் மெல்லிய மணல்தாளால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். கல்லடி, பாலமீன்மடு போன்ற கடலோரத்தில் ஆறு மாதம் சும்மா கிடந்த இயந்திரங்களில் இந்தப் பச்சை கட்டாயம் இருக்கும். பிரஷ் சரியென்றால் அடுத்தது ஏ.வீ.ஆர். அதே அளவு, அதே எண்ணிக்கை வயர் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் மாற்றுவது கடினமல்ல.

பிரஷ் இல்லாத, கப்பாசிற்றர் வகை இயந்திரமென்றால் இங்கே நிறுத்துங்கள். கப்பாசிற்றர் இயந்திரம் நின்ற பிறகும் உதைக்கும். அதன் மேல் எழுதியுள்ள அளவுக்கு அது இன்னும் இருக்கிறதா என்று அளந்து பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மல்டிமீற்றரும் வெறும் பூச்சியத்தைக் காட்டினால் ஒன்று எஞ்சிய காந்தம் போய்விட்டது, அல்லது சுருள் அறுந்துவிட்டது. 12 வோல்ட் பற்றரியால் ஒரு கணம் தொட்டுக் காந்தம் ஏற்றுவது எங்களுக்கு அன்றாட வேலை. ஆனால் ஏ.வீ.ஆர். இணைப்பைக் கழற்றாமல், நேர் எதிர் மாறிப் பற்றரியைத் தொட்டு, நல்ல ஏ.வீ.ஆர். ஐயும் சேர்த்து எரித்துக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அதைப் பழக்கமானவர் செய்யட்டும்.

அறிகுறி 2: வோல்ட் 230 இல் நிற்கவில்லை

வோல்ட் இலக்கத்தை ஒருபோதும் தனியாகப் படிக்காதீர்கள். பக்கத்தில் உள்ள ஹேர்ட்ஸ் இலக்கத்தோடு சேர்த்தே படியுங்கள். எந்தப் பக்கம் தேடுவது என்பதை அந்த இரண்டும் சேர்ந்துதான் சொல்லும்.

வோல்ட்டும் குறைவு, ஹேர்ட்ஸும் குறைவு (உதாரணமாக 200 உம் 46 உம்): என்ஜின் மூச்சு வாங்குகிறது. சுமையைக் கழற்றிப் பாருங்கள். இலக்கம் உடனே ஏறினால் நீங்கள் கேட்பது அதன் சக்திக்கு மேல். சுமை இல்லாமலும் குறைவாகவே நின்றால் சோக் (ஸ்டார்ட் பண்ணும்போது காற்றைக் குறைக்கும் மூடி) முழுதாகத் திறந்திருக்கிறதா, காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். படுவான்கரையில் சூடடிக்கும் காலத்தில் வயற்கரையில் ஓடிய ஒரு இயந்திரத்தின் வடிகட்டியைத் தட்டினேன். ஒரு கைப்பிடி பதர்த்தூசி விழுந்தது. பஞ்சு வடிகட்டியைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, ஒயில் சில துளி விட்டுப் பிழிந்து போடுங்கள். கடதாசி வடிகட்டியைக் கழுவக் கூடாது.

வோல்ட் குறைவு, ஹேர்ட்ஸ் 50: என்ஜினைத் தொடாதீர்கள். கோளாறு பிரஷ், ஏ.வீ.ஆர்., கப்பாசிற்றர் பக்கம். ஏ.வீ.ஆர். இல் ஒரு சின்னத் திருகு இருந்தால் அதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பார்க்கலாம். இலக்கம் அசையாவிட்டால் பழைய இடத்துக்கே கொண்டுவாருங்கள். வோல்ட்டைக் கூட்டுவதற்காக வேகத் திருகை முறுக்குவது பெரும் பிழை. ஏ.வீ.ஆர். இயந்திரத்தில் அது வோல்ட்டைக் கூட்டாது, என்ஜினை மட்டும் தேய்க்கும்.

வோல்ட் 250 ஐத் தாண்டுகிறது: முதலில் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். பிறகு யோசிக்கலாம். ஹேர்ட்ஸ் 50 க்கு அருகே இருந்தால் ஏ.வீ.ஆர். போய்விட்டது. ஹேர்ட்ஸும் சேர்ந்து ஏறியிருந்தால் என்ஜின் ஓவராக ஓடுகிறது. என்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவனரின் கம்பி சிக்கியிருக்கும், அல்லது யாரோ கை வைத்திருப்பார்கள்.

வாழைச்சேனையில் ஒரு மீன் வாடிக்குப் போனேன். பழைய கப்பாசிற்றர் வகை இயந்திரம். மாதத்துக்கு மூன்று நான்கு பல்பு மாற்றுகிறார்கள். மீற்றரின் திரைக்குக் குறுக்கே கறுப்பு ரேப் ஒட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். “அது பூட்டிய நாளிலிருந்தே பிழையான இலக்கம் காட்டுகிறது காக்கா, பிள்ளைகள் பார்த்துப் பயப்படுகிறார்கள்” என்றார் அங்கு வேலை செய்தவர். ரேப்பை உரித்தேன். 268 வோல்ட், 58 ஹேர்ட்ஸ். பெற்றோல் தாங்கிக்கு அடியில் கவனர் நெம்பைப் பார்த்தால், உடைந்த ஸ்பிரிங்குக்குப் பதிலாக எழுதும் பேனாவின் ஸ்பிரிங் ஒன்றை நீட்டிக் கொழுவியிருந்தார்கள். அது நெம்பைச் சரியாக விடவில்லை, என்ஜினுக்குள் போகும் கலவையைக் கூட்டிக் குறைக்கும் ‘தொரட்டில்’ வால்வு திறந்தபடியே நின்றது. அந்த மாதிரிக்குரிய ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டேன், இலக்கம் 236 உக்கும் 51.5 உக்கும் வந்தது. மீற்றர் முதல் நாளிலிருந்தே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

கவனரின் வெளி நெம்பும் ஸ்பிரிங்கும் சரியாக இருந்தும் வேகம் அடங்காவிட்டால் கோளாறு என்ஜினுக்குள் உள்ள பல்லில். அது பிரித்துப் பார்க்கும் வேலை. அந்த இயந்திரத்தை அதுவரை ஓட்டவே வேண்டாம்.

அறிகுறி 3: ஹேர்ட்ஸ் ஆடிக்கொண்டே இருக்கிறது

கண்ணை மூடிச் சத்தத்தைக் கேளுங்கள். இலக்கம் ஆடும்போது என்ஜின் சத்தமும் “வூ… ஊ… வூ…” என்று ஏறி இறங்கினால் காரணம் என்ஜினில். சத்தம் ஒரே சீராக இருந்து இலக்கம் மட்டும் ஆடினால் காரணம் மீற்றர் பக்கத்தில்.

சத்தமும் ஆடினால், சோக் பாதியில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பெற்றோல் மூடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். ஆட்டம் நின்றால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது, ஊதிச் சுத்தம் செய்தால் முடிந்தது. அடுத்தது பெற்றோல். தாங்கியின் திறப்பை மூடி, பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் கிண்ணத்தில் உள்ள அடித் திருகைத் தளர்த்தி, வரும் பெற்றோலைக் கண்ணாடிக் குவளை ஒன்றில் பிடித்து ஒரு நிமிடம் வையுங்கள். கீழே பாசிமணி போலத் துளிகள் உருண்டு நின்றால் அது தண்ணீர். நம் ஈரக் காற்றில் பாதி நிரம்பிய தாங்கி மாதக்கணக்கில் கிடந்தால் தண்ணீர் சேராமல் இருக்காது. பெற்றோல் தேநீர் நிறத்தில் வந்து வார்னிஷ் மணம் அடித்தால் அது பழுதாகிவிட்டது. முழுதையும் ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். இதெல்லாம் செய்யும்போது பக்கத்தில் சுருட்டும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். என்ஜினும் ஆறியிருக்க வேண்டும்.

புதுப் பெற்றோலிலும் ஆட்டம் நிற்காவிட்டால் காபரேற்றரின் மெது ஓட்ட ஜெட் அடைத்திருக்கிறது. அதன் துளை மயிர் அளவுதான். ஊசியால் குத்தித் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள், பிறகு அந்த என்ஜின் என்றைக்கும் சீராக ஓடாது. நான் பாவிப்பது மெல்லிய தூண்டில் நைலோன் நரம்பு. கரையோரத்தில் எந்தக் கடையிலும் கிடைக்கும், பித்தளையைக் கீறாது. நரம்பை விட்டு எடுத்து, காபரேற்றர் கிளீனர் அடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துளை வட்டமாகத் தெரிய வேண்டும்.

அதற்கு மேலும் ஆடினால் காபரேற்றருக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள பக்கிங் (காற்றுப் புகாமல் அடைக்கும் தாள்) கசிகிறது. திருகுகளை இறுக்கியும் நிற்காவிட்டால் பக்கிங்கை மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்தவர்கள் இங்கே ஒருவரைக் கூப்பிடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சத்தம் சீர், இலக்கம் மட்டும் ஆட்டம் என்றால் செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் குமிழ் பல்பை மட்டும் போடுங்கள். இலக்கம் அமைதியானால், மலிவான சார்ஜர்களும் எல்ஈடி விளக்குகளும் மின் அலையின் வடிவத்தைக் கெடுக்கின்றன, மீற்றர் அதில் தடுமாறுகிறது. 100 ஹேர்ட்ஸ், 150 ஹேர்ட்ஸ் என்றெல்லாம் காட்டுவது இதனால்தான். அப்போதும் ஆடினால் மீற்றர் வயர் ஸ்பாக் பிளக் வயருக்குப் பக்கத்தால் போகிறதா என்று பாருங்கள். ஒரு சாண் தள்ளிக் கட்டினாலே பல நேரம் சரிவரும். ஸ்பாக் பிளக்கின் பெயரில் ‘ஆர்’ எழுத்து உள்ளதாக, உதாரணமாக பீ.பீ.ஆர். 6 ஈ.எஸ். வகை, போடுவதும் இந்த மின் இரைச்சலைக் குறைக்கும். ஆனால் உங்கள் இயந்திரத்துக்கு எது என்று கையேட்டில் பார்த்தே வாங்குங்கள்.

அறிகுறி 4: சுழற்சி வேகம் 6000 அல்லது 1500 என்று காட்டுகிறது

என்ஜின் 6000 இல் ஓடவில்லை, பயப்பட வேண்டாம். இந்த மீற்றர் தீப்பொறியை எண்ணுகிறது. நமது ஒற்றைச் சிலிண்டர் நாற்தொழில் (ஃபோர் ஸ்ட்ரோக்) என்ஜின்களில் பெரும்பாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி பறக்கும். இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி என்று மீற்றர் நினைத்துக்கொண்டிருந்தால் இருமடங்கு காட்டும். மாறாக இருந்தால் பாதி காட்டும். பொத்தானை அழுத்திப் பிடித்து, ஒரு சுற்றுக்கு ஒரு பொறி என்ற அமைப்புக்கு மாற்றுங்கள். ஹேர்ட்ஸ் இலக்கத்தை 60 ஆல் பெருக்கி ஒப்பிட்டால் சரியா என்று உடனே தெரியும்.

இலக்கம் துள்ளினால் வயர் சுற்று கூடிவிட்டது. இறுக்கமாக மூன்று முதல் ஐந்து சுற்றுப் போதும். வயரைப் புகைக்குழாய்ப் பக்கம் விடாமல் கட்டுங்கள். இலக்கமே வராவிட்டால் சுற்று தளர்ந்திருக்கும், அல்லது நிலவயர் உள்ள மாதிரியில் அது துருப்பிடித்த திருகில் கட்டப்பட்டிருக்கும்.

அறிகுறி 5: அம்பியர் பூச்சியம், அல்லது நம்பமுடியாத அளவு

அம்பியர் அளக்கும் வளையத்துக்குள் இரண்டு வயரையும் சேர்த்து விட்டிருப்பீர்கள். போகும் மின்னும் வரும் மின்னும் ஒன்றையொன்று அழித்துப் பூச்சியம் காட்டும். உறையை நீளவாக்கில் கவனமாகப் பிரித்து, ஒரே ஒரு வயரை மட்டும் வளையத்துக்குள் விடுங்கள். திறந்து மூடும் வளையமென்றால் ‘டிக்’ என்று மூடியிருக்க வேண்டும். இடையில் மணற்பொடி இருந்தாலும் அளவு குறையும். சுமை ஜெனரேற்றரின் மற்றப் பிளக் பொயின்டில் போடப்பட்டிருந்தால் அது இந்த வளையத்துக்குத் தெரியாது. வளையத்தின் இரண்டு மெல்லிய வயரை மீற்றரிலிருந்து கழற்றிய நிலையில் சுமையை ஓட்டவும் கூடாது.

மீற்றர் சரி, கணக்குத்தான் சரியில்லை என்று பலர் சொல்வது தண்ணீர் மோட்டார் விடயத்தில். களுவாஞ்சிகுடியில் ஒரு அண்ணன் கேட்டார்: “மீற்றர் 1100 வோட்தான் காட்டுகிறது தம்பி. ஜெனரேற்றர் 2000 வோட். பிறகு ஏன் மோட்டார் போடும்போது திணறி நிற்கிறது?” ஒரு குதிரைவலு மோட்டார் ஓடும்போது கிட்டத்தட்ட அவ்வளவுதான் எடுக்கும். ஆனால் புறப்படும் அந்தக் கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு இழுக்கும். மீற்றர் ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒருமுறைதான் இலக்கத்தை மாற்றுகிறது, அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதை மீற்றரில் தேடாதீர்கள், குமிழ் பல்பில் பாருங்கள். மோட்டார் புறப்படும்போது பல்பு சற்று மங்கி மீண்டால் பரவாயில்லை. செந்தணலாகச் சுருங்கி ஓரிரு செக்கன் அப்படியே நின்றால் அந்த ஜெனரேற்றருக்கு அந்த மோட்டார் பெரிது. மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மோட்டாரை முதலில் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் திணறினால் மோட்டாரின் கப்பாசிற்றரைச் சோதிக்கக் கொடுங்கள். பெரிய ஜெனரேற்றர் வாங்குவது அதற்குப் பிறகுதான்.

அறிகுறி 6: டெஸ்டர் இரண்டு துளையிலும் எரிகிறது, நிலத்துக்கு அளந்தால் பாதி வோல்ட்

இது பழுதல்ல. சிறிய ஜெனரேற்றர்கள் பலவற்றில் இரண்டு வயரும் இயந்திரத்தின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கப்படாமலே விடப்பட்டிருக்கும். அதனால் ஒவ்வொன்றையும் சட்டத்துக்கு அளந்தால் 115 க்குக் கிட்ட ஏதோ ஒன்று காட்டும், இரண்டுக்கும் இடையில் அளந்தால் 230 இருக்கும். “பாதிக் கரண்ட்தான் வருகிறது” என்று மீற்றரைக் கழற்றி எறிந்தவர்களும் இருக்கிறார்கள். மீற்றரின் இரண்டு வயரும் பிளக் பொயின்டின் இரண்டு மின்முனைகளிலும் இருக்க வேண்டும், ஒன்று சட்டத்தில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஆனால் இந்த இடத்தில் மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அதைச் ‘சரிசெய்ய’ ஒரு வயரை நீங்களாகவே சட்டத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். வீட்டு வயரிங்கோடு ஜெனரேற்றரை இணைப்பதென்றால் அதற்குரிய மாற்றுச் சுவிட்சை, நில இணைப்பையும் கசிவுப் பாதுகாப்புச் சுவிட்சையும் அறிந்த மின்னியலாளர் ஒருவரே பூட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஆண் முனை வைத்த வயரால் சுவர்ப் பிளக் பொயின்டில் குத்தி வீடு முழுக்க வெளிச்சம் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த மின்சாரம் வெளியே ஓடி, தெரு மின்மாற்றியில் உயர்ந்து, வெள்ளத்தில் நின்று கம்பி கட்டும் மின்சார ஊழியரிடம் போய்ச் சேரும். நமக்கு வெளிச்சம் தருவதற்காக மழையில் கம்பத்தில் ஏறியிருக்கும் மனிதர் அவர்.

அறிகுறி 7: ஒரு மாதம் நன்றாக வேலை செய்து நின்றுவிட்டது

திரைக்குள் நீராவி படிந்திருந்தால் உப்புக் காற்று. பெட்டியின் விளிம்புக்குச் சிலிக்கன் பூசுங்கள். முறுக்கிய வயர் அதிர்வில் அறுந்திருந்தால் நசுக்கும் முனை போடுங்கள். இயந்திரத்திலேயே பூட்டியிருந்தால் ரப்பர் வாசர் வைத்துப் பூட்டுங்கள்.

அறிகுறி 8: எல்லா இலக்கமும் சரி, ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது

பெற்றோல் இருக்கிறதென்றால் நேரே ஒயிலுக்குப் போங்கள். ஒயில் குறைந்தால் என்ஜினை நிறுத்தும் உணரி பல இயந்திரங்களில் உண்டு. கடற்கரை மணலில் வைத்து ஓட்டும்போது ஒரு கால் புதைந்து இயந்திரம் சரிந்தாலும் அது நிறுத்திவிடும். ஒரு பலகை போட்டுச் சமமாக வைத்து, அளவுக் கம்பியைத் துடைத்து, திருகாமல் உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள். அளவு சரியாயிருந்தும் நின்றால் உணரி பழுதாகியிருக்கலாம். அதன் வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிக்கொண்டே இருக்கலாம் என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். சோதனைக்காக ஒரு நிமிடம் கழற்றலாம், பிறகு புதியதைப் போட வேண்டும்.

மணித்தியால மீற்றர் தன் விலையைத் திருப்பித் தரும் இடம் இதுதான். 2 முதல் 3 கிலோவோட் வரையான நாற்தொழில் என்ஜினுக்கு 600 மில்லிலீற்றர் அளவு ஒயில்தான் பிடிக்கும். ஒயில் வடிகட்டி கிடையாது. புதிதில் முதல் 20 மணித்தியாலத்தில் ஒரு தடவை, பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். புழுதியில் ஓட்டுவதென்றால் இன்னும் முன்னதாகவே மாற்றுங்கள். மீற்றர் இல்லாத காலத்தில் யாரிடம் கேட்டாலும் “கொஞ்சந்தான் ஓடியது” என்பார்கள். கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி போடும் ஒருவரின் இயந்திரத்தில் மணித்தியால மீற்றர் பூட்டிவிட்டேன். அடுத்த திருவிழா முடிந்து வந்தபோது 140 என்று நின்றது. ஒயில் திருகைக் கழற்றினேன். ஒழுகவில்லை, பாகுபோல நூலாக இறங்கியது. விரலில் தேய்த்தால் வெள்ளித்தூள் மினுங்கியது. இன்னும் ஒரு திருவிழாவுக்கு அந்த என்ஜின் தாங்கியிருக்காது. இப்போது 90 வந்ததும் அவரே அழைக்கிறார்.

என்ஜினுக்குள் தட்டும் சத்தம், ஒயிலில் உலோகத் தூள், புகைக்குழாயில் நீலப் புகை, சுருளிலிருந்து கருகிய மணம். இவற்றில் எது வந்தாலும் மீற்றரைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே நிறுத்தி, தொழில் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

கொண்டுபோகும் முன் ஒரு துண்டுக் கடதாசியில் மூன்றை எழுதுங்கள்: சுமை இல்லாதபோது வோல்ட்டும் ஹேர்ட்ஸும், குமிழ் பல்பும் மின்கேத்தலும் போன்ற தெரிந்த சுமை ஒன்றைப் போட்டபோது வோல்ட்டும் ஹேர்ட்ஸும், ஓடிய மணித்தியாலம். வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ ஒருவர் இந்த இலக்கங்களைத் தொலைபேசியில் வாசித்தால், பிரஷ்ஷா காபரேற்றரா என்பது பெரும்பாலும் எனக்கு அங்கேயே தெரிந்துவிடும். நாற்பது கிலோ இயந்திரத்தை பஸ்ஸில் ஏற்றுவதா, ஒரு சோடி பிரஷ்ஷைத் தபாலில் எடுப்பதா என்று அப்போதே முடிவு செய்யலாம்.